கட்டை இழுக்கும் வளைவு வண்டியைப் பட்டறையில் செய்வதும் திருத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் வளர்த்த தேக்கு, மலைவேம்பு, சில்வர் ஓக் போன்ற மரங்களை வெட்டிய பிறகு, அவற்றைப் பாதைவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒரு சிறிய டிராக்டரும் உள்ளூர் வெல்டிங் பட்டறையும் போதும் என்று எண்ணுபவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. ஏற்கனவே ஒரு வண்டியைச் செய்து முடித்து, அது சரியாக நடக்கவில்லை என்று வருந்துபவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில் பெரும்பாலான கோளாறுகள் இரும்பின் பலத்தில் இல்லை, எடை எந்த இடத்தில் தொங்குகிறது என்பதில்தான் இருக்கின்றன.

வளைவு வண்டி என்பது என்ன?

இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நேராக ஓடும் அச்சு இல்லாமல், தலைகீழான ‘ப’ வடிவில் ஒரு சட்டம் எழுந்து நிற்கும். அதன் இரு கால்களின் அடியிலும் தனித்தனியாகக் குட்டை அச்சுகள் இருக்கும். கட்டை கிடக்கும் இடத்துக்கு வண்டியையே பின்னோக்கித் தள்ளிச் சென்று, கட்டையைக் கால்களுக்கு நடுவே வரவிட்டு, அதன் முன்முனையைச் சங்கிலியால் மேலே தூக்கிக் கட்டி, பின்முனை தரையில் உரச இழுத்துச் செல்வதே இதன் வேலை. ஆங்கிலத்தில் வழங்கும் லாக் ஆர்ச் என்ற பெயரையே நம் பட்டறைகளிலும் சொல்லலாம்.

வெறும் சங்கிலியைக் கட்டி இழுத்தால் கட்டையின் முன்முனை மண்ணைக் குத்தி உழுதுகொண்டே வரும். வேரிலும் கல்லிலும் முட்டி நிற்கும். மேல்மண் பெயர்ந்து, அடுத்த மழையில் அந்தத் தடமே நீரோடும் வாய்க்காலாகிவிடும். கட்டையில் புதையும் மணலும் சிறுகல்லும் மரமில்லில் ரம்பப் பல்லைக் கெடுக்கும். முன்முனையை ஒரு சாண் உயர்த்தினாலே இவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மனிஸ்டி என்ற ஊரில் வண்டி செய்துவந்த சைலஸ் ஓவர்பேக் என்பவர் 1870களில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள இரட்டைச் சக்கரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அதுவரை அங்கே மரம் இழுப்பது பனிக்காலத்து வேலையாக இருந்தது. உறைந்த தரையில்தான் கட்டைகள் வழுக்கி வரும். அச்சின் கீழே கட்டைகளைத் தொங்கவிட்டு இழுக்கும் பெருஞ்சக்கரங்கள் வந்தபின் கோடையிலும் வேலை நடந்தது. வண்டியை இழுப்பதற்கான நீண்ட தண்டான ஏர்க்காலை மேலே நிமிர்த்தி, சங்கிலியைக் கட்டையில் மாட்டி, பிறகு ஏர்க்காலைக் கீழே இழுத்தால் அது நெம்புகோலாகிக் கட்டையைத் தூக்கும்.

அந்தச் சக்கரங்களிடம் ஒரு பெரிய குறை இருந்தது: இறக்கத்தில் நிறுத்துவதற்கு வழியில்லை. அதற்காகவே பின்னர் முன்னும் பின்னும் நழுவும் ஏர்க்கால் கொண்ட சக்கரங்கள் வந்தன. குதிரை இழுக்கும்போது ஏர்க்கால் முன்னே நகர்ந்து கட்டை உயரும். கட்டை குதிரையை முந்த முயன்றால் ஏர்க்கால் பின்னே நழுவி, கட்டை தரையில் இறங்கித் தானே தடையாகிவிடும். நம் சிறிய வண்டியிலும் இறக்கத்தில் இதே சிக்கல்தான் வரும் என்பதால் இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும்.

என் கட்டையின் எடையை எப்படிக் கணக்கிடுவது?

மர வியாபாரத்தில் வழங்கும் கன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வியாபாரிகள் பயன்படுத்துவது கால் சுற்றளவு முறை: நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். அறுத்தால் கிடைக்கும் பலகையை மனத்தில் வைத்து உருவான கணக்கு அது. உண்மையான கன அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். வண்டிக்கோ பட்டை, வெள்ளை மரம் (பட்டையை ஒட்டிய வெளிமரம்), ஈரம் எல்லாம் சேர்ந்த முழு எடையும் சுமைதான்.

சரியான கணக்கு இது: நடுச் சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, 12.57ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 1.4 மீட்டர், நீளம் 3.6 மீட்டர் உள்ள கட்டையில் 0.56 கன மீட்டர் மரம் இருக்கிறது. அதே கட்டைக்குக் கால் சுற்றளவு முறை 0.44 கன மீட்டர்தான் தரும். பச்சைக் கட்டைக்குக் கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், நம் உதாரணக் கட்டை 560 கிலோ. புளி, கருவேலம் போன்ற கனத்த மரங்களுக்கு 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டைகளை எளிதாக இழுத்த வண்டி 60 சென்டிமீட்டர் கட்டைக்கும் ஈடுகொடுக்கும் என்று கண்ணளவில் முடிவு செய்வது ஆபத்து.

அந்த எடை முழுவதும் வண்டியின் மீது விழுமா?

விழாது. பின்முனை தரையில் இருக்கும்வரை எடையைத் தரையும் பகிர்ந்துகொள்ளும். கட்டையின் நுனியிலேயே சங்கிலி மாட்டினால் ஏறத்தாழ பாதி, அதாவது 280 கிலோ, வண்டிக்கு வரும். முனையிலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மாட்டினால் அது 60 சதவீதமாக, 336 கிலோவாக உயரும். அடிமரம் பருத்தும் நுனிமரம் சிறுத்தும் இருப்பதால், அடிப்பக்கத்தைத் தூக்கும்போது இன்னும் சற்றுக் கூடும். 300 கிலோ என்ற எண்ணை இனிவரும் கணக்குகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

நுனியில் மாட்டும்போது மீதமுள்ள 280 கிலோ தரையில் உரசுகிறது. சாதாரண மண்தரையில் உராய்வு எடையில் பாதியளவு என்று கொண்டால், இழுக்க ஏறத்தாழ 140 கிலோ விசை வேண்டும்.

சங்கிலி தொங்கும் இடம், அதாவது தொங்கு புள்ளி, அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டுமா?

பெரும்பாலானோர் அப்படித்தான் அமைக்கிறார்கள். ஆனால் அவ்வாறு அமைத்த வண்டியில், இழுக்கத் தொடங்கியதும் ஏர்க்காலின் முன்முனை மேலே எழும்ப முயல்வதைக் காணலாம். காரணம் எளிது. தரையில் உரசும் கட்டை, வண்டியை அதன் தொங்கு புள்ளியில் பிடித்துப் பின்னோக்கி இழுக்கிறது; டிராக்டரோ, ஏர்க்கால் மாட்டப்படும் கொக்கியின் உயரத்தில் முன்னோக்கி இழுக்கிறது. தொங்கு புள்ளி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்திலும் கொக்கி 40 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், இடையே உள்ள 50 சென்டிமீட்டர் வேறுபாடு 140 கிலோ விசையோடு சேர்ந்து வண்டியைப் பின்பக்கமாகச் சாய்க்கும். இரண்டு மீட்டர் ஏர்க்காலின் நுனியில் அது 35 கிலோ மேல்நோக்கிய விசையாக வெளிப்படுகிறது. கட்டை ஒரு வேரில் சிக்கி நின்றால், அந்த ஒரு கணத்தில் இது பல மடங்காகும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவது, தொங்கு புள்ளியை அச்சுக்கு முன்னே நகர்த்துவது. மேற்சொன்ன அளவுகளில், 300 கிலோ சுமை அச்சுக்கு 23 சென்டிமீட்டர் முன்னே தொங்கினால்தான் அந்தச் சாய்வு விசை சமன்படும். இரண்டாவது, கட்டையைத் தூக்கிய பின் உயரத்தில் தொங்கவிடாமல், ஏர்க்காலின் அடியில் தாழ்வாக ஒரு தாங்கியைப் பற்றவைத்து, கட்டையின் தலையை அதில் இறுகக் கட்டிவிடுவது. இழுவிசை அப்போது தொங்கு புள்ளியின் உயரத்தில் அல்லாமல் தாங்கியின் உயரத்தில் வந்து சேரும். தாங்கி 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 23 சென்டிமீட்டருக்குப் பதில் 9 அல்லது 10 சென்டிமீட்டர் முன்னகர்வே போதுமானதாகிவிடும். அதற்கு மேலும் சில சென்டிமீட்டர் சேர்த்து, ஏர்க்கால் எப்போதும் டிராக்டரை மெல்லக் கீழே அழுத்தும்படி வைப்பதே நல்ல அமைப்பு.

தாங்கியால் வேறொரு நன்மையும் உண்டு. சங்கிலியில் தாராளமாக ஆடும் சுமை, கட்டை எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், தொங்கு புள்ளியின் உயரத்திலேயே வைக்கப்பட்டதைப் போல வண்டியைக் கவிழ்க்க முயலும். இறுகக் கட்டப்பட்ட கட்டை தன் சொந்த உயரத்தில்தான் எடையைக் காட்டும். ஒரு வண்டியில் ஒரே ஒரு திருத்தத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை இந்தத் தாங்கிக்கே செலவிடச் சொல்வேன்.

குறுக்குச் சட்டத்துக்கு என்ன அளவுக் குழாய் வேண்டும்?

நின்ற நிலையில் 500 கிலோ வரை தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அது இரண்டு மடங்காகலாம். எனவே 1,000 கிலோவுக்குக் கணக்கிட வேண்டும். இடைவெளி 1.2 மீட்டராக இருந்து, சுமை நடுவில் தொங்கினால், 80 × 80 × 5 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் ஏற்படும் தகைவு (இரும்புக்குள் எழும் விசையின் செறிவு) ஏறத்தாழ 83 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமானக் குழாயின் நெகிழ்வு வரம்பு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, 210 மெகாபாஸ்கல் அல்லது அதற்கு மேல் என்பதால், இது நிம்மதியான அளவு. அதே சுமைக்கு 60 × 60 × 4 குழாயில் 188 மெகாபாஸ்கல் வரும். வரம்பை ஒட்டி நிற்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கதவு நிலைக்கும் கூரைக்கும் வாங்கும் 50 × 50 × 3 குழாய் வளைந்துவிடும்.

கால்களும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலைகளில் 6 மில்லிமீட்டர் தகட்டால் முக்கோணத் தாங்கல் வைக்க வேண்டும். பக்கச் சரிவில் போகும்போது கால்களை விரிக்க முயலும் விசையை ஏற்பவை அந்த மூலைகளே.

அச்சும் சக்கரமும்?

குட்டை அச்சில் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு இருப்பதால், சட்டத்திலிருந்து சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம் மிக முக்கியம். அது 10 சென்டிமீட்டராக இருந்தால் 40 மில்லிமீட்டர் தண்டு எளிதாகத் தாங்கும். 30 மில்லிமீட்டர் தண்டில் தகைவு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். பழைய கார் உடைக்கும் கடைகளில், முன்சக்கரத்தால் ஓடும் சிறு கார்களின் பின் ஹப்பை அச்சோடும் பேரிங்கோடும் சேர்த்தே வாங்கலாம். லேத் பட்டறையில் புதிதாகக் கடைவதைவிட இது பல நேரங்களில் மலிவாகவும் நம்பகமாகவும் அமைகிறது.

டயரின் பக்கத்தில் எழுதியுள்ள சுமை எண்ணைப் பார்க்க வேண்டும். 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும். இரண்டு சேர்ந்தால் நமக்குப் போதும். தள்ளுவண்டிச் சக்கரம் வேண்டாம். விட்டம் பெரிதானால் வேர், கல் ஆகியவற்றின் மீது ஏறுவது எளிதாகும் என்பதால் 13 அங்குல வளையத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

வண்டியின் அகலமும் உயரமும் எவ்வளவு இருக்கலாம்?

நீங்கள் இழுக்கப்போகும் மிகப் பெரிய கட்டையின் விட்டத்தோடு இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் சேர்த்தால் கால்களுக்கு இடையே தேவையான உள் அகலம் கிடைக்கும். உயரத்தைப் பொறுத்தவரை, பலரும் தேவைக்கு மேல் உயர்த்திவிடுகிறார்கள். சக்கரங்களின் நடுவிடைவெளி 1.2 மீட்டராக இருந்து சுமை 90 சென்டிமீட்டரில் தொங்கினால், வண்டி ஏறத்தாழ 34 பாகை சாயும்வரை கவிழாது. அதையே 1.3 மீட்டருக்கு உயர்த்தினால் 25 பாகையில் கவிழும். நான்குக்கு ஒன்று பக்கச் சரிவே 14 பாகை. அதில் மேற்பக்கச் சக்கரம் 20 சென்டிமீட்டர் கல்லில் ஏறினால் மேலும் 9 பாகைக்கு மேல் சேர்ந்துவிடும். உயரமான வண்டிக்கு அதன்பின் எஞ்சுவது மிகச் சொற்பமே.

ஏர்க்காலையே நெம்புகோலாக்கித் தூக்குவதா, வின்ச் வைப்பதா?

நெம்புகோல் முறைக்குச் செலவில்லை, பழுதாகும் உறுப்பும் இல்லை. ஏர்க்காலை உயர்த்தினால் வளைவு பின்னே சாய்ந்து தாழும். அப்போது சங்கிலியைக் குறுக்கிக் கட்டிவிட்டு ஏர்க்காலை இறக்க வேண்டும். ஆனால் தொடக்கத்தில்தான் பாரம் மிக அதிகம். தொங்கு புள்ளி அச்சிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் ஏர்க்கால் 2.2 மீட்டர் நீளத்திலும் உள்ள வண்டியை 60 பாகை சாய்த்தால், 300 கிலோவைக் கிளப்ப ஏர்க்கால் நுனியைச் செங்குத்தாகக் கீழே இழுக்க ஏறத்தாழ 118 கிலோ விசை தேவை. நுனியில் கயிறு கட்டி, ஏர்க்காலுக்குச் செங்கோணமாக இழுத்தால் 60 கிலோ போதும்.

ஏர்க்கால் பாதி இறங்கிய நிலையில் கை நழுவினால் அது துள்ளி எழுந்து தாடையையும் நெற்றியையும் தாக்கும். ஆகவே வண்டிக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம் வரும் கட்டைகளுக்கு, வளைவின் மீது பூட்டப்பட்ட கை வின்ச்சே நல்லது என்பது என் கருத்து. வின்ச்சின் மீது எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் சமதரையில் வண்டியை இழுப்பதற்கானது. தூக்குவதற்கு அதே எண் பொருந்தாது. தூக்கி முடித்ததும் சங்கிலியைத் தனியாகச் சட்டத்தில் மாட்டிப் பூட்டிவிட வேண்டும். வின்ச்சின் பற்சக்கரத்தை நம்பிப் பயணம் செய்யக் கூடாது.

எந்தச் சங்கிலி, எந்தக் கவ்வி?

பாரம் தூக்குவதற்கென்றே செய்யப்பட்ட 80ஆம் தரச் சங்கிலியை வாங்க வேண்டும். 8 மில்லிமீட்டர் அளவில் அதன் பாதுகாப்பான சுமை 2 டன். மாடு கட்டும் சங்கிலியும் கேட் பூட்டும் சங்கிலியும் இதற்கு ஆகா. கட்டையைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும் சங்கிலி, இழுக்க இழுக்க இறுகும். இரு நகக் கவ்வி மாட்ட எளிது. ஆனால் சுமை தளர்ந்த நொடியில் விட்டுவிடக் கூடியது. சமதரையில் கவ்வியும் சரிவில் சுருக்குச் சங்கிலியும் என்று வகுத்துக்கொள்ளலாம்.

டிராக்டரில் எங்கே மாட்ட வேண்டும்?

பின் அச்சின் நடுவுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். அதற்கு மேலே மாட்டினால், கட்டை சிக்கும் நொடியில் டிராக்டரின் முன்பக்கம் எழுந்து பின்னோக்கிக் கவிழும். ஓட்டுநருக்குக் குதிக்கவும் நேரமிருக்காது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

ஏர்க்கால் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால், வளைவில் திரும்பும்போது கட்டையின் தலை டிராக்டரின் பின்டயரில் முட்டும். இணைப்பு, இடவலமாகத் திரும்புவதோடு ஏர்க்கால் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் இடம் தர வேண்டும். வண்டி ஒருபக்கம் சாயும்போது அந்த முறுக்கு டிராக்டருக்குப் போகாது. கடையாணிக்குப் பூட்டு ஊசி அவசியம்.

முழுக் கட்டையையும் தரையில் படாமல் தூக்கிவிட்டால் இன்னும் எளிதல்லவா?

சமதரையில் எளிதுதான், கட்டையும் சுத்தமாக வரும். இறக்கத்தில் மட்டும் அது கூடாது. நான்குக்கு ஒன்று இறக்கத்தில் 560 கிலோ கட்டை ஏறத்தாழ 136 கிலோ விசையோடு கீழே தள்ளும். முழுவதும் தூக்கப்பட்டிருந்தால் அந்த விசை அப்படியே டிராக்டரின் முதுகில் விழும். பின்முனை உரசிக்கொண்டிருந்தால் உராய்வும் ஏறத்தாழ அதே அளவு எதிர்த்து நிற்கும். கணக்கு அங்கேதான் சமன்படுகிறது. அதைவிடச் செங்குத்தான இறக்கத்திலும், மழைக்குப் பின் வழுக்கும் களிமண்ணிலும் உரசும் கட்டைகூட முந்திவிடும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களின் காப்பித் தோட்டச் சரிவுகளில் வண்டியைச் சரிவுக்கு நேராக இறக்காமல், மேலே கட்டிய கயிற்றால் கட்டையை மெல்ல இறக்கிவிட்டு, பாதையை அடைந்த பிறகு வண்டியில் ஏற்றுவதுதான் சரியான முறை.

பற்றவைப்பைச் சரிபார்ப்பது எப்படி?

ஜி.ஐ. குழாயைப் பயன்படுத்துவதானால், மூட்டுப் பகுதியில் துத்தநாகப் பூச்சை முற்றிலும் தேய்த்து நீக்கிய பின்பே பற்றவைக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை வரவழைக்கும், மூட்டும் பழுதாகும். ஆறிய பின், மூட்டில் மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். வண்ணம் அடிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

பிறகு, வழக்கமாகத் தூக்கப்போவதைவிடக் கால் பங்கு அதிகமான எடையைத் தரையிலிருந்து நான்கு விரல் மட்டுமே உயர்த்தி, அரைமணி நேரம் விட்டு, கால்களின் இடைவெளியை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். பாரத்தை இறக்கிய பின்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் சட்டம் நிரந்தரமாக வளைந்துவிட்டது. குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும், மேலே பட்டை ஒட்டி ஈடுகட்ட முடியாது.

ஏற்கனவே செய்த வண்டியில் எதை முதலில் திருத்துவது?

தாங்கி இல்லையென்றால் அது. பிறகு தொங்கு புள்ளி. குறுக்குச் சட்டத்தின் அடியில் 12 மில்லிமீட்டர் தகட்டை முன்னோக்கி நீட்டிப் பற்றவைத்து, அதில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் துளைகளிட்டால், ஷேக்கிளை மாற்றி மாட்டி உங்கள் நிலத்துக்குப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். தகட்டைக் கீழிருந்து ஒரு சாய்கால் தாங்க வேண்டும், இல்லையேல் குறுக்குச் சட்டம் முறுகும். வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது என்றால், அகலத்தைக் கூட்டக் குட்டை அச்சை நீட்டுவது தவறான வழி; 10 சென்டிமீட்டர் தூரம் 20 ஆனால் தண்டின் மீதுள்ள வளைவுச் சுமையும் இரு மடங்காகும். கால்களின் அடியை வெளியே சாய்த்துப் புதிதாக அமைப்பதே முறை. கட்டையின் பின்முனைக்கு இரண்டாவது சக்கர இணை சேர்ப்பது சமதரையில் நெடுந்தூரம் இழுப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

அனுமதி ஏதாவது தேவையா?

வண்டியைச் சொந்த நிலத்துக்குள் மட்டுமே ஓட்ட வேண்டும். பிரேக்கும் விளக்கும் இல்லாத இதைப் பொதுச் சாலையில் இழுத்துச் செல்லக் கூடாது. மரத்தைப் பொறுத்தவரை, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்தில் உள்ள மரங்களை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி பெற வேண்டும். தேக்கு போன்ற மரங்களை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கான வழிச்சீட்டைப் பற்றி வனச்சரக அலுவலகத்தில் மரத்தை வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.